மாதம் 25 டாலர்: நடந்த கதையும் நடக்காத கதையும்

(அறக்கட்டளையின் பொதுக்குழுக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



சென்ற கூட்டத்தில் நம் முன் இரண்டு யோசனைகள் வைக்கப்பட்டன. நம் மஹல்லாவில் உள்ள ஒவ்வொரு ஏழைக் குடும்பத்துக்கும் மாதம் ஒரு நிலையான தொகை தருவதாக அறக்கட்டளை அறிவிக்க வேண்டும் என்பது ஒன்று. அதற்குப் பணம் போதாது என்பதால், பைத்துல்மாலில் இருப்பதை எடுத்து, மாதாமாதம் நிச்சய லாபம் தருவதாகச் சொல்லும் ஒரு திட்டத்தில் போடலாம் என்பது மற்றொன்று. கூட்டம் முடிந்து வெளியே வரும்போது இளைஞர்கள் சிலர் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். "நோட்டு அடிக்கிற உரிமை அரசாங்கத்திடம்தானே இருக்கிறது? ஆளுக்கு இவ்வளவு என்று அடித்துக் கொடுத்தால் வறுமையே இருக்காதே, ஏன் யாரும் செய்வதில்லை?" என்று கேட்டார்கள்.

கேட்டவர்கள் எல்லோரும் நல்ல மனதோடு கேட்டார்கள். பக்கத்து வீட்டில் அடுப்பு எரியாததைப் பார்த்துப் பொறுக்காமல் எழுந்த கேள்வி அது. ஆகவே, முடியாது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போக எங்களுக்கு மனமில்லை. இதே யோசனையை ஒரு கட்சியாக்கி, ஓட்டுக் கேட்டு, ஆட்சியையும் பிடித்த ஊர் ஒன்று உண்டு. முதலில் அங்கே நடந்ததைச் சொல்கிறோம். பிறகு, அந்தக் கட்சி ஒரு மாகாணத்தோடு நிற்காமல் நாடு முழுவதையும் பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். அதற்குப் பிறகு நம் இரண்டு யோசனைகளையும் நீங்களே எடை போடுங்கள்.

கோதுமை விளைந்தும் பசி

கனடாவின் மேற்கில் அல்பெர்ட்டா என்றொரு மாகாணம். கோதுமை விளையும் பூமி. 1929ல் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்து உலகம் முழுவதும் பொருளாதார மந்தம் பரவியபோது, அங்கே கோதுமையின் விலை பாதாளத்துக்குப் போனது. 1932ன் முடிவில் ஒரு புஷல் கோதுமை 40 சென்டுக்கும் கீழே. ஒரு புஷல் என்றால் நம் கணக்கில் 27 கிலோ. கூலி, வண்டி வாடகை போக விவசாயி கையில் ஒன்றும் மிஞ்சாது. மாகாணத்தின் தென்பகுதியில் மழையும் பொய்த்தது. நிலத்தின் மேல் வாங்கிய கடனும் அதன் வட்டியும் மட்டும் குறையாமல் நின்றன. களஞ்சியத்தில் தானியம் இருக்கிறது, கடையில் சரக்கு இருக்கிறது, வாங்க யாரிடமும் காசில்லை.

இங்கிலாந்தில் மேஜர் சி.எச். டக்ளஸ் என்ற பொறியாளர் இதற்கு முன்பே ஒரு விளக்கம் சொல்லியிருந்தார். அவருடைய கொள்கைக்கு 'சோஷியல் கிரெடிட்' என்று பெயர். அதை நம் ஊர் பிரியாணிக் கடையை வைத்துப் புரிந்துகொள்ளலாம். ஒரு பிரியாணி 150 ரூபாய். அதில் கடை ஆட்களின் கூலியும் முதலாளியின் லாபமும் சேர்ந்து 50 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மீதி 100 ரூபாய் அரிசி மண்டிக்கும், கறிக்கடைக்கும், வாடகைக்கும், வங்கி வட்டிக்கும் போகிறது. கடையால் மக்கள் கைக்கு வந்தது 50, ஆனால் விலை 150. எல்லாத் தொழிலும் இப்படித்தான் இருக்கிறது, ஆகவே மக்களிடம் உள்ள பணம் சரக்கை வாங்க ஒருபோதும் போதாது, அந்தப் பள்ளத்தை அரசு புதிய பணம் கொடுத்து நிரப்ப வேண்டும் என்றார் டக்ளஸ். அந்தப் பணத்துக்குத் தேசிய ஈவுத்தொகை என்று பெயரிட்டார்.

கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் அரிசி மண்டிக்குப் போன காசு என்ன ஆனது? மண்டிக்காரருக்கும், ஆலைத் தொழிலாளிக்கும், நெல் விளைவித்தவருக்கும் அது வருமானமாகப் போய்விட்டது. அவர்களும் மக்கள்தானே? அவர்களைக் கணக்கில் விட்டதால்தான் பள்ளம் அவ்வளவு பெரிதாகத் தெரிந்தது. அதே நேரத்தில், டக்ளஸ் சொன்னதில் உண்மையே இல்லை என்றும் தள்ள முடியாது. எல்லோரும் பயந்து காசை முடக்கும்போது, வாங்குகிறவன் இல்லாமல் தொழில் படுத்துவிடும் என்பது உண்மை. பொருளியல் அறிஞர் கெய்ன்ஸ் 1936ல் வெளியிட்ட தம் புகழ்பெற்ற நூலில் டக்ளஸைப் பற்றி எழுதியதும் அதனால்தான்.

வானொலியில் வந்த வாத்தியார்

அந்தக் கொள்கையை அல்பெர்ட்டாவில் வீடு வீடாகக் கொண்டு போனவர் வில்லியம் அபெர்ஹார்ட். கால்கரி நகரில் ஒரு உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர். ஞாயிற்றுக்கிழமைதோறும் வானொலியில் கிறிஸ்தவப் பிரசங்கம் செய்து வந்தார். ஊருக்கு ஊர் அவர் குரல் தெரியும். 1932ல் டக்ளஸின் கொள்கையைப் படித்ததும் பிரசங்கத்தோடு அதையும் சேர்த்தார். செவ்வாய்க் கிரகத்திலிருந்து ஒருவன் வந்து, இவ்வளவு விளைச்சல் இருந்தும் இங்கே ஏன் பசி என்று கேட்பதாக வானொலி நாடகமும் போட்டார். வயது வந்த ஒவ்வொருவருக்கும் மாதம் 25 டாலர் என்பது அவர் சொன்ன தொகை. 25 டாலர் அன்று ஒரு விவசாயக் குடும்பத்துக்குப் பெரிய பணம்.

பணம் எங்கிருந்து வரும் என்று கேட்டவர்களுக்கு அவர் தந்த பதிலைக் கவனியுங்கள். மின்சாரம் எப்படி வருகிறது என்று படித்துவிட்டா விளக்கைப் போடுகிறீர்கள், விவரத்தை நிபுணர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்பதுதான் அந்தப் பதிலின் சாரம்.

1935 ஆகஸ்ட் 22ல் தேர்தல். மொத்தம் 63 இடங்கள். அதற்கு முன் சட்டமன்றத்தில் ஒரு இடம்கூட இல்லாத அந்தக் கட்சி 56 இடங்களை வென்றது. அதுவரை ஆண்ட விவசாயிகள் கட்சிக்கு ஒரு இடமும் இல்லை. அபெர்ஹார்ட் அந்தத் தேர்தலில் போட்டியிடவே இல்லை. வென்ற பிறகுதான் இடைத்தேர்தல் மூலம் சட்டமன்றத்துக்கு வந்தார்.

இப்போது கணக்குக்கு வருவோம். மாகாணத்தின் மக்கள்தொகை சுமார் 7 லட்சத்து 70 ஆயிரம். அதில் 4 லட்சம் பேருக்கு என்று வைத்தாலும், மாதம் 25 டாலர் வீதம் ஆண்டுக்கு 12 கோடி டாலர் வேண்டும். மாகாண அரசின் ஓராண்டு வருமானம் அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. நோட்டு அடிக்கும் அதிகாரமும் வங்கிகளின் மீதான அதிகாரமும் ஒட்டாவாவில் உள்ள மத்திய அரசிடம். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

1936 ஏப்ரல் 1ல், முதிர்ந்த 32 லட்சம் டாலர் கடன் பத்திரங்களுக்குப் பணம் தர முடியாமல் அரசு கைவிரித்தது. அதே ஆகஸ்டில் 'செழிப்புச் சான்றிதழ்' என்று ஒரு தாளை வெளியிட்டார்கள். ஒரு டாலர் தாள். புதன்கிழமைதோறும் அதன் பின்புறம் ஒரு சென்ட் வில்லை வாங்கி ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் செல்லாது. இரண்டு ஆண்டில் 104 வில்லைகள் ஒட்டி முடித்தால் அரசு அதற்கு உண்மையான டாலர் தரும். அதாவது, ஒரு டாலர் பெறுவதற்கு மக்களே 1 டாலர் 4 சென்ட் கட்ட வேண்டும். சாலை வேலை செய்தவர்களுக்கு இந்தத் தாளைக் கூலியாகக் கொடுத்தார்கள். அதே தாளை வரிக்காகக் கொண்டுவந்து நீட்டினால் அரசு வாங்கவில்லை. தான் கொடுத்த தாளைத் தானே வாங்காத அரசை எந்தக் கடைக்காரர் நம்புவார்? 1937 ஏப்ரலில் திட்டம் மூடப்பட்டது.

அந்த மாதம் 25 டாலர் யாருக்கும் ஒரு மாதம்கூடக் கிடைக்கவில்லை.

பணம் வராதபோது பழி வந்தது

சகோதரர்களே, இந்த இடத்தில்தான் கதை நம் எல்லோருக்கும் முக்கியமாகிறது. வாக்குறுதி பொய்த்தால் இரண்டு வழிகள் உண்டு. கணக்கு தவறு என்று சொல்லலாம். அல்லது, யாரோ கெடுத்துவிட்டார்கள் என்று சொல்லலாம். அவர்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

1937ல் சட்டங்கள் வந்தன. வங்கிகளும் வங்கி ஊழியர்களும் அரசிடம் உரிமம் பெற வேண்டும். உரிமம் இல்லாத ஊழியர் நீதிமன்றத்தில் வழக்குப் போடும் உரிமையை இழப்பார். ஒட்டாவா அவற்றை உடனே ரத்து செய்தது. அடுத்து பத்திரிகைச் சட்டம். அரசைப் பற்றித் தவறான செய்தி வந்ததாக அரசு கருதினால், அரசு தரும் மறுப்பைப் பத்திரிகை அப்படியே போட வேண்டும், செய்தி தந்தவர் யார் என்பதையும் சொல்ல வேண்டும். மாகாண ஆளுநர் கையெழுத்துப் போடாமல் நிறுத்தி வைத்தார். 1938 மார்ச்சில் கனடா உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்றது. எதிர்த்து நின்ற 'எட்மண்டன் ஜர்னல்' பத்திரிகைக்கு அந்த ஆண்டு அமெரிக்காவின் புலிட்சர் சிறப்புப் பாராட்டு கிடைத்தது.

இடையில் நகரப் பிரமுகர்கள் சிலரின் பெயர்களைப் போட்டு, வங்கிகளின் கைக்கூலிகள், ஒழித்துக்கட்டப்பட வேண்டியவர்கள் என்ற பொருளில் ஒரு துண்டறிக்கை வந்தது. அதற்காகக் கட்சிக் கொறடாவும், டக்ளஸ் அனுப்பிய நிபுணர் ஒருவரும் சிறை சென்றார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வாக்குத் தவறும் உறுப்பினரை மக்களே திரும்ப அழைக்கலாம் என்று அந்த அரசு ஒரு சட்டம் கொண்டுவந்திருந்தது. நல்ல சட்டம்தான். ஆனால் அபெர்ஹார்டின் சொந்தத் தொகுதி மக்களே அவரைத் திரும்ப அழைக்கக் கையெழுத்துத் திரட்டியபோது, அரசு அந்தச் சட்டத்தையே முன்தேதியிட்டு நீக்கிவிட்டது.

இனி, நடக்காத கதை

அபெர்ஹார்டின் ஆதரவாளர்கள் கடைசிவரை சொன்ன சமாதானம் ஒன்று உண்டு. ஒட்டாவா தடுத்துவிட்டது, நாடு முழுவதும் நம் கையில் இருந்திருந்தால் செய்து காட்டியிருப்போம் என்றார்கள். 1935 அக்டோபர் 14ல் நடந்த கனடா நாடாளுமன்றத் தேர்தலில் அந்தக் கட்சி 245 இடங்களில் 17 மட்டுமே பெற்றது. பேச்சுக்காக, பெரும்பான்மை பெற்றது என்றே வைத்துக்கொள்வோம். இனி நாம் சொல்வது கற்பனை. ஆனால் அதற்குள் போடும் கணக்கு கற்பனை இல்லை.

அவர்கள் கையில் இப்போது கனடாவின் மத்திய வங்கி இருக்கிறது. அந்த வங்கி 1935 மார்ச்சில்தான் திறக்கப்பட்டது. நோட்டு அடிக்க ஒட்டாவாவைக் கேட்க வேண்டாம், அவர்களே ஒட்டாவா. நாட்டின் மக்கள்தொகை ஒரு கோடியைச் சற்று தாண்டும். 60 லட்சம் பேருக்கு மாதம் 25 டாலர் என்றால் ஆண்டுக்கு 180 கோடி டாலர். கனடாவின் ஓராண்டு மொத்த உற்பத்தியே அன்று சுமார் 430 கோடி டாலர்தான். நாடு முழுவதும் ஓராண்டு உழைத்து உண்டாக்குவதில் பத்தில் நாலு பங்குக்குச் சமமான பணத்தைப் புதிதாக அச்சடித்து, ஒவ்வொரு ஆண்டும் தர வேண்டும்.

அல்பெர்ட்டாவில் ஒரு விவசாயக் குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கணவன், மனைவி, நான்கு பிள்ளைகள். முதல் குளிர்காலத்தில் மாதம் 50 டாலர் வருகிறது. பிள்ளைகளுக்குச் செருப்பு, கம்பளிச் சட்டை, மளிகைக் கடையில் பழைய பாக்கி அடைகிறது. செருப்புத் தொழிற்சாலை மீண்டும் ஓடுகிறது. வேலையில்லாதவர்கள் வேலைக்குப் போகிறார்கள். இது நடந்திருக்கும் என்றே நாங்களும் நினைக்கிறோம். முடங்கிக் கிடந்த நாட்டில் கொஞ்சம் பணம் புழங்கினால் உயிர் வரும். அந்த முதல் குளிர்காலத்தில் அபெர்ஹார்டின் படம் மாட்டாத வீடு இருந்திருக்காது.

இரண்டாம் ஆண்டு. தொழிற்சாலையில் சும்மா கிடந்த இயந்திரங்கள் எல்லாம் ஓடத் தொடங்கிவிட்டன. அதற்கு மேல் செருப்பு செய்ய ஆளும் இல்லை, தோலும் இல்லை. ஆனால் நோட்டு நிற்காமல் வருகிறது. அதே செருப்புக்கு இரண்டு பேர் போட்டி போட்டால் விலை ஏறும். நம் குடும்பத்தின் 50 டாலர் இப்போது 30 டாலர் சரக்கை வாங்கவே திணறுகிறது. கனடா டாலரின் மதிப்பு வெளியே சரிகிறது. டாலர் மலிந்ததால் கோதுமைக்குக் கூடுதலாக நோட்டு கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் கலப்பைக்கும் எண்ணெய்க்கும் அதைவிடக் கூடுதல் நோட்டு போய்விடும். நியூயார்க்கிலும் லண்டனிலும் வாங்கிய கடனை அந்த நாட்டுப் பணத்தில்தான் கட்ட வேண்டும் என்பதால் அந்தச் சுமையும் கூடும். கோதுமை விலையை நிர்ணயிப்பது உலகச் சந்தை. கனடா அரசு எவ்வளவு நோட்டு அடித்தாலும் அந்தச் சந்தை அசையாது.

மூன்றாம் ஆண்டு. விலை ஏறாமல் இருக்க 'நியாய விலை' என்று டக்ளஸ் ஒரு வழி சொல்லியிருந்தார். அதை நடத்த வேண்டுமானால் ஒவ்வொரு கடைக்கும் ஒரு அதிகாரி வேண்டும். பலகையில் எழுதிய விலைக்குச் சரக்கு இருக்காது, பின்வாசலில் வேறு விலைக்குக் கிடைக்கும். மாதம் 50 டாலர் போதவில்லை, 100 ஆக்குங்கள் என்று மக்கள் கேட்பார்கள். ஆக்கினால் விலை இன்னும் ஏறும். ஆக்காவிட்டால் ஓட்டு போய்விடும். 2016 நவம்பரில் வங்கி வாசலில் வரிசையில் நின்ற நமக்கு, மேலே எடுக்கும் ஒரு பண முடிவு சமையலறை வரை எப்படி வரும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இப்போது கேள்வி: அந்த நாளில் அவர்கள் யாரைக் கைகாட்டுவார்கள்? அல்பெர்ட்டாவில் இருந்தபோது ஒட்டாவாவைக் காட்டலாம். ஒட்டாவாவே அவர்கள் என்றானபின், பழிபோட நாட்டுக்குள் ஒரு கூட்டம் வேண்டும். அதுவும் அவர்கள் கையில் தயாராக இருந்தது. உலகப் பணத்தையெல்லாம் யூதர்கள் சதி செய்து ஆட்டிவைக்கிறார்கள் என்று டக்ளஸ் எழுதத் தொடங்கியிருந்தார். கட்சியில் சிலரும் அதைப் பேசினார்கள். அபெர்ஹார்ட் அதைத் தம் அரசின் கொள்கையாக்கவில்லை என்பதையும் நீதியாகச் சொல்ல வேண்டும். அவருக்குப் பின் வந்த எர்னஸ்ட் மானிங் 1940களின் கடைசியில் அப்படிப் பேசியவர்களைக் கட்சியிலிருந்து விலக்கினார். ஆனால் நாடு முழுவதும் விலைவாசியில் வெந்துகொண்டிருக்கும் ஒரு நாளில், ஆட்சியைக் காப்பாற்ற வேண்டிய நெருக்கடியில், அந்தப் பேச்சை யார் நிறுத்தியிருப்பார்கள்?

1939ல் நாஜிகளிடமிருந்து தப்பி வந்த 900க்கும் மேற்பட்ட யூத அகதிகளின் கப்பல் ஒன்றுக்கு அமெரிக்காவைப் போலவே கனடாவும் இடம் தரவில்லை. கப்பல் ஐரோப்பாவுக்கே திரும்பியது. அவர்களில் பலர் பின்னர் கொல்லப்பட்டார்கள். யூதர்கள்தான் உங்கள் பஞ்சத்துக்குக் காரணம் என்று ஆட்சியே சொல்லாத நாட்டில் நடந்தது இது. ஆட்சியே அப்படிச் சொல்லியிருந்தால்? ஒரு சமுதாயத்தின் மீது மொத்தமாகப் பழி போட்டால் அந்தச் சமுதாயத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் என்ன கேட்க வேண்டியிருக்கும் என்று நமக்குத் தெரியும். தெரிந்த நாம் அதே பழியை இன்னொரு சமுதாயத்தின் மீது போடும் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. கைபேசியில் அப்படி வரும் செய்திகளை அனுப்பவும் கூடாது. வட்டி ஹராம் என்பது நம் மார்க்கம். ஒரு இனமே வட்டிக்குக் காரணம் என்பது நம் மார்க்கம் அல்ல.

பத்திரிகைச் சட்டத்தையும் நினைவில் வையுங்கள். உண்மையில் ஆளுநரும், உச்ச நீதிமன்றமும், ஒட்டாவாவும் சேர்ந்து அதைத் தடுத்தார்கள். நடக்காத கதையில் ஒட்டாவா அவர்களுடையது. காலியாகும் நீதிபதி இடங்களை நிரப்புவதும் அவர்கள்தான். விலை ஏன் ஏறுகிறது என்று எழுதும் பத்திரிகையைக் காப்பாற்ற யாரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள். அல்பெர்ட்டா மக்களைப் பெரிய சேதத்திலிருந்து காப்பாற்றியது அந்தக் கட்சியின் தோல்வி அல்ல, அதற்கு மேலே கேள்வி கேட்க ஆள் இருந்ததுதான்.

எது நிலைத்தது

பெரிய வாக்குறுதி போனது. ஆனால் அந்தக் காலத்தின் சில சிறிய காரியங்கள் நிலைத்தன.

1938ல் அதே அபெர்ஹார்ட் அரசு 'டிரெஷரி பிராஞ்ச்' என்ற பெயரில் சிறு சேமிப்பு நிலையங்களைத் திறந்தது. மக்கள் போட்ட பணத்தை வைத்து, அந்த அளவுக்குள் நடந்த வேலை. அது வளர்ந்து இன்றும் அல்பெர்ட்டா அரசுக்குச் சொந்தமான வங்கியாக இருக்கிறது. 1945ல் கனடா மத்திய அரசு, குழந்தைகளுக்கு வயதைப் பொறுத்து மாதம் 5 முதல் 8 டாலர் வரை குடும்ப உதவித்தொகை தரத் தொடங்கியது. வரிப்பணத்திலிருந்து தந்தது. 25 டாலர் வராத வீடுகளுக்கு இது தவறாமல் வந்தது. 1947ல் அல்பெர்ட்டாவில் எண்ணெய் பெருமளவில் கிடைத்தது. 1957ல் ஆளுக்கு 20 டாலர், 1958ல் 17 டாலர் 50 சென்ட் என்று மானிங் அரசு எண்ணெய் வருமானத்தில் பங்கு கொடுத்தது. வந்தது மாதத்துக்கு அல்ல, ஆண்டுக்கு. அதுவும் பூமியிலிருந்து பணம் உண்மையில் வந்த பிறகு.

இன்னொன்று நம் நெஞ்சுக்கு நெருக்கமானது. அதே மாகாணத்தின் தலைநகர் எட்மண்டனில், அதே பஞ்சகாலத்தில், லெபனான் பகுதியிலிருந்து வந்து குடியேறிய சில முஸ்லிம் குடும்பங்கள் இருந்தன. தொழுகைக்கு ஒரு இடம் இல்லை. ஹில்வி ஹம்தான் என்ற பெண்மணியும் அவருடைய தோழிகளும் நகர மேயரிடம் போய் நிலம் கேட்டார்கள். கட்டடத்துக்குப் பணம் திரட்ட முடியுமா என்று அவர் கேட்க, கடைத்தெருவில் கடை கடையாக ஏறி இறங்கினார்கள். முஸ்லிம்களும் கொடுத்தார்கள், கிறிஸ்தவர்களும் யூதர்களும் கொடுத்தார்கள். கட்டியவர் உக்ரேனிய வம்சாவளிக் கிறிஸ்தவர். அதனால் அந்தப் பள்ளிவாசலின் குவிமாடங்கள் பார்ப்பதற்கு உக்ரேனியத் தேவாலயம் போலவே இருக்கும். 1938 டிசம்பர் 12ல் அல் ரஷீத் பள்ளிவாசல் திறக்கப்பட்டது. கனடாவின் முதல் பள்ளிவாசல் அது. குர்ஆனை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த அப்துல்லாஹ் யூசுப் அலி அவர்கள் திறப்பு விழாவுக்கு வந்திருந்தார். அந்தக் கட்டடம் இன்றும் எட்மண்டனில் பாதுகாக்கப்படுகிறது. சுப்ஹானல்லாஹ்! மாதம் 25 டாலர் தருவதாகச் சொன்ன அரசின் தலைநகரத்தில், கையில் ஒன்றும் இல்லாத சில பெண்கள் வந்த காசை எண்ணி எண்ணிச் சேர்த்துக் கட்டியது அது.

நம் முன்னால் உள்ள முடிவு

இப்போது நம் யோசனைகளுக்கு வருவோம். எந்தப் பணத் திட்டம் வந்தாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். அரசியல் கட்சி சொன்னாலும் சரி, தாடியும் தொப்பியும் வைத்து ஹலால் என்று சொல்லி ஒருவர் வந்தாலும் சரி, நாங்களே சொன்னாலும் சரி.

முதலாவது, பணம் எங்கிருந்து வருகிறது? ஜகாத்தைப் பாருங்கள். யாரிடம், எவ்வளவு சேர்ந்தால், நூற்றுக்கு எத்தனை என்று வருமிடம் தெளிவாக இருக்கிறது. கொடுக்க வேண்டிய எட்டு வகையினரும் தெளிவாக இருக்கிறார்கள். வருமிடம் சொல்லாமல் போகுமிடத்தை மட்டும் சொன்னால் அது திட்டமல்ல, ஆசை.

இரண்டாவது, வராவிட்டால் என்ன? நட்டம் வந்தால் யார் தாங்குவது என்று எழுத்தில் இருக்கிறதா? வியாபாரத்தில் பங்கு என்றால் நட்டத்திலும் பங்குதான். மாதாமாதம் நிச்சய லாபம் என்று ஒருவர் சொன்னால், அது வியாபாரமாக இருக்க முடியாது. ஒன்று வட்டி, இல்லாவிட்டால் அடுத்தவர் போட்ட பணம். அப்படிப்பட்ட திட்டங்களில் மகளின் நகையை விற்றுப் போட்டுவிட்டு நம் அலுவலகத்தில் வந்து அழுத தாய்மார்கள் உண்டு. எந்த நிறுவனம் என்பதை இங்கே சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கண்ணீரை மறக்கக் கூடாது என்பதற்காக மட்டும் சொல்கிறோம்.

மூன்றாவது, கணக்குக் கேட்டால் பதில் வருமா, கோபம் வருமா? கேட்டவரைக் கைக்கூலி என்று சொல்லத் தொடங்கிய நாளில்தான் அல்பெர்ட்டாவில் சரிவு வெளியே தெரிந்தது. குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்று எண்ணிப் பாருங்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதையும் சாட்சி வைப்பதையும் பற்றியது. கணக்குக் கேட்பது சந்தேகம் அல்ல, அமானிதத்தைப் பேணுவது.

இந்த மூன்றையும் வைத்து நிர்வாகக் குழு சொல்வது இதுதான். எல்லாக் குடும்பத்துக்கும் மாதம் இவ்வளவு என்று இப்போது அறிவிக்க வேண்டாம். சென்ற ஆண்டு உண்மையில் வந்த தொகையை எடுத்து, அதற்குள் எத்தனை விதவைகளுக்கும் அநாதைகளுக்கும் ஆண்டு முழுவதும் தவறாமல் தர முடியுமோ அத்தனை பேருக்கு மட்டும் தொடங்குவோம். பத்துப் பேருக்கு என்றால் பத்து. பத்தும் தவறாமல் போய்ச் சேர்ந்தால் பதினோராவது குடும்பத்துக்கான பணம் தானாக வரும், இன்ஷா அல்லாஹ். பைத்துல்மால் பணத்தை நிச்சய லாபத் திட்டம் எதிலும் போட வேண்டாம். வட்டியில்லா அழகிய கடன் நிதிக்குத் திரும்பி வரும் தவணைதான் அடுத்தவருக்குக் கடன். ஆகவே கடன் வாங்கிய சகோதரர்கள் தவணையைத் தாமதிக்காதீர்கள். உங்கள் தவணைக்காக ஒரு தையல் இயந்திரமோ, தள்ளுவண்டியோ காத்திருக்கிறது.

வரவு செலவு ஏடு அலுவலகத்தில் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் திறந்து வைக்கப்பட்டிருக்கும். யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம், கேள்வி கேட்கலாம். பெண்களும் வாருங்கள். எட்மண்டனில் அந்தக் கணக்கை எண்ணிச் சேர்த்தவர்கள் பெண்கள்தான். அடுத்த கூட்டத்தில் இந்த இரண்டு யோசனைகள் மீதும் கைதூக்கி முடிவெடுப்போம். நாங்கள் சொல்வதுதான் சரி என்று யாரும் பார்க்காமல் கை தூக்க வேண்டாம். ஏட்டைப் பார்த்துவிட்டு வந்து கை தூக்குங்கள்.

வல்ல அல்லாஹ் நம் கைகளில் ஒப்படைத்த அமானிதத்தைச் சரியாக நிறைவேற்றும் பாக்கியத்தை நமக்குத் தருவானாக. நம் ஊரில் அடுப்பு எரியாத வீடு இல்லாத நாளை நம் கண்ணால் காணச் செய்வானாக. ஆமீன். வ ஆகிரு தஃவானா அனில் ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன். வஸ்ஸலாமு அலைக்கும்.